மகள் சிஸ்டராக (கத்தோலிக்கக் கன்னியாஸ்திரியாக)ப் போகிறேன் என்கிறாள்: என்னென்ன படிகள், எத்தனை வருஷம்? (திருகோணமலை)

பாலையூற்று அம்மா | செவ்வாய், இரவு 9.50

வணக்கம் எல்லாருக்கும். நான் இங்க எழுதுறது இதுதான் முதல் தரம். எங்கட மூத்த பிள்ளைக்கு 20 வயது. ஏ.எல். சோதனை கலைப்பிரிவில எழுதினவள், கம்பஸுக்கு வெட்டுப்புள்ளி காணாமப் போச்சு. போன மாசம் ஞாயிறு பூசை முடிஞ்சு வந்து, குசினிக்குள்ள தேங்காய் துருவிக்கொண்டிருந்த என்னட்ட, “அம்மா, நான் சிஸ்டராப் போகப்போறன்” எண்டாள். நான் ஒண்டும் சொல்லேல்ல. துருவி முடிச்சு, பால் பிழிஞ்சு, சொதி வைச்சு, எல்லாருக்கும் சாப்பாடு போட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவளின்ர அப்பா அதுக்குப் பிறகு அவளோட கதைக்கிறேல்ல. கோவம் எண்டும் சொல்லேலாது. விடிய லொறியை எடுத்துக்கொண்டு போனா இருட்டினாப் பிறகுதான் வாறார். பின்வளவில அவளுக்கெண்டு தொடங்கின வீட்டு வேலையையும் நிப்பாட்டிப்போட்டார். சுவர் லின்டல் மட்டத்தோட நிக்குது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுகள்தான். ஒரு பிள்ளை சேர்ந்த நாளில இருந்து முழுச் சிஸ்டராக எத்தினை வருஷம் செல்லும்? இடையில என்னென்ன படி? கம்பஸ் கிடைக்காததால போறாளோ, உண்மையான அழைத்தலோ எண்டு அவையள் எப்பிடிக் கண்டுபிடிப்பினம்? போனில கதைக்க விடுவினமோ? இன்னொண்டு, இதை எழுத வெக்கமாக் கிடக்கு. நடுவில திரும்பி வந்தாள் எண்டா சனம் என்ன சொல்லும்?

---

சீனன்குடாத் தம்பி | செவ்வாய், இரவு 10.20

அக்கா, 21 வயதுக்கு முதல் சேரவே ஏலாது எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். அதால உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. அவசரப்படாதேங்கோ. நான் இதைப் பற்றிப் பிறகு விவரமா எழுதுறன், எங்கட வீட்டிலயும் நடந்தது.

---

உபதேசியார் (ஓய்வு) | செவ்வாய், இரவு 11.15

தம்பி சொன்ன 21 வயது கடைசிப் படிக்கு உரியது. அதை முதலில் திருத்திவிடுகிறேன்.

அம்மா, வெட்கப்பட ஒன்றும் இல்லை. 38 வருஷம் மூதூர்ப் பக்கத்திலும் நிலாவெளிப் பக்கத்திலும் மறைக்கல்வி படிப்பித்தவன் நான். என் வகுப்பிலிருந்து மடத்துக்குப் போன பிள்ளைகளில் நித்திய வார்த்தைப்பாடு, அதாவது சாகும்வரைக்குமான கடைசி வாக்கு, வரை போனவர்களும் உண்டு, போய் ஒரு வருஷத்துக்குள்ளேயே திரும்பியவர்களும் உண்டு. இரண்டு சாராரும் இன்றைக்கும் வழியில் கண்டால் நின்று கதைக்கிறார்கள்.

படிகளின் பெயரும் காலமும் துறவற சபைக்குச் சபை கொஞ்சம் மாறும். ஆனால் 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு போட்ட எல்லைகளை எந்தச் சபையும் தாண்ட முடியாது. அதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சேர முதலே ஒரு காலம் இருக்கிறது. சபையில் அழைத்தலுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஒருவர் இருப்பார். அவர் பிள்ளையோடு பல தரம் கதைப்பார், வீட்டுக்கு வருவார், விடுமுறையில் சில நாள் மடத்தில் வந்து தங்கச் சொல்வார். இதை ‘வந்து பாருங்கள்’ என்பார்கள். யோவான் நற்செய்தியில் இயேசு தன் பின்னால் வந்த இரண்டு பேரிடம் சொன்ன சொல் அது. பிள்ளை அங்கே தங்கிவிட்டு வந்து, “எனக்குச் சரிவராது” என்று சொன்னால் கதை அதோடு முடிந்தது.

விருப்பம் தொடர்ந்தால் அஸ்பிரன்ற் ஆக எடுப்பார்கள். ஆறு மாதமாகவும் இருக்கலாம், இரண்டு வருஷமாகவும் இருக்கலாம். ஆங்கிலம், சிங்களம், வேதாகமம், பாட்டு, வீட்டு வேலை. அதற்குப் பிறகு போஸ்டுலன்ற். அதுவும் ஏறக்குறைய அதே அளவு காலம். இந்த இரண்டிலும் பிள்ளை சட்டப்படி இன்னும் சபையின் உறுப்பினர் இல்லை. மடத்தில் தங்கிப் படிக்கிற பிள்ளை, அவ்வளவுதான்.

சபை வாழ்வு சட்டப்படி தொடங்குவது நவசந்நியாசத்தில், அதாவது நவகன்னியர் என்ற பெயரில் பயிற்சியும் சோதனையுமாக இருக்கிற நொவிசியேற்றில். அதற்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும் (643ஆம் சட்டம்). பயமுறுத்தியோ ஏமாற்றியோ கொண்டுவந்து சேர்த்தால் அந்தச் சேர்க்கையே செல்லாது என்று அதே சட்டம் சொல்கிறது. இதை உங்கள் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டுங்கள். நவசந்நியாசம் குறைந்தது 12 மாதம், நவகன்னியர் இல்லத்திலேயே. கூடினது இரண்டு வருஷம். முடிவில் இன்னும் சந்தேகம் இருந்தால் ஆறு மாதம் நீட்டலாம், அதற்கு மேல் முடியாது. எங்கள் பக்கத்துச் சபைகள் பெரும்பாலும் இரண்டு வருஷமே வைக்கின்றன.

பிறகு முதல் வார்த்தைப்பாடு. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றையும் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வாக்களிப்பது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இந்தத் தற்காலிக காலம் மூன்று வருஷத்துக்குக் குறையாது, ஆறு வருஷத்துக்கு மேல் போகாது. தேவை என்றால் நீட்டலாம், ஆனால் எல்லாமாக ஒன்பது வருஷத்தைத் தாண்டக்கூடாது. கடைசியில் நித்திய வார்த்தைப்பாடு. இதற்குத்தான் 21 வயது.

கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் எட்டு வருஷத்துக்கும் பன்னிரண்டு வருஷத்துக்கும் இடையில் வரும். உங்கள் மகள் இன்றைக்குப் போனாலும் 30 வயதை ஒட்டித்தான் ‘சாகும்வரை’ என்ற சொல்லைச் சொல்லுவாள். அதுவரை ஒவ்வொரு படியிலும் அவளிடம் கேட்பார்கள், அவளும் தன்னைக் கேட்பாள்.

---

பாலையூற்று அம்மா | புதன், காலை 5.30

ஐயா, நன்றி. பன்னிரண்டு வருஷமெண்டு நான் நினைக்கேல்ல. போன உடன முடி வெட்டி உடுப்புப் போட்டு விட்டிடுவினம் எண்டுதான் நினைச்சிருந்தன்.

---

உப்புவெளிக் காற்று | புதன், இரவு 8.05

அம்மா, நான் போய்த் திரும்பி வந்த பிள்ளை. நவசந்நியாசத்தில் 14 மாதம் இருந்துவிட்டு வந்தேன். இப்போது டவுனில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன், கலியாணமாகி இரண்டு பிள்ளைகள். இதை இங்கே எழுதலாமா என்று நேற்றிரவு முழுக்க யோசித்தேன். நீங்கள் ‘வெக்கம்’ என்று எழுதியபடியால்தான் எழுதுகிறேன்.

கம்பஸ் விஷயம். எனக்கும் முதல் தரம் ஏ.எல். சரிவரவில்லை. அஸ்பிரன்ற் ஆகப் போனதும் எங்களுக்குப் பொறுப்பான சிஸ்டர் முதல் கேட்ட கேள்வி, “நாளைக்குக் கம்பஸ் கடிதம் வந்தால் என்ன செய்வாய்?” நான் உடனே, “போகமாட்டேன் சிஸ்டர்” என்றேன். அவர் சிரித்துவிட்டு, “சரி, அப்படியென்றால் இரண்டாம் தரம் எழுது” என்றார். உண்மையாகவே எழுத வைத்தார். காலையில் எல்லாரோடும் செபம், மரக்கறித் தோட்டம், பிறகு பின்னேரம் முழுக்கப் பழைய வினாத்தாள். இந்த முறை வெட்டுப்புள்ளியைத் தாண்டினேன். கடிதமும் வந்தது. அப்போது அவர் என்னை ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார், “அங்கே இருந்து யோசி” என்று. நான் கம்பஸை விட்டுவிட்டுத் திரும்பிப் போனேன். தப்பி ஓடி வரவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறுதியானது. எல்லாச் சபையும் இப்படிச் செய்யும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் அந்தச் சிஸ்டரிடம் நேரே கேட்கலாம்: என் பிள்ளை இரண்டாம் தரம் எழுத விரும்பினால் விடுவீர்களா?

உள்ளே நாள் எப்படிப் போகும் என்றால், விடிய 5 மணிக்கு மணி. காலைச் செபம், தியானம், பூசை. பிறகு வேலை. நவகன்னியர் வருஷத்தில் வெளிப் படிப்பு, பட்டம், சம்பள வேலை எதுவும் இல்லை. அது சட்டமே. வேதாகமம், சபையின் வரலாறு, சபை ஒழுங்கு, வார்த்தைப்பாடு என்றால் என்ன, இவைதான் பாடம். நாங்கள் ஒன்பது பேர். நாலு பேர் தமிழ், ஐந்து பேர் சிங்களம். முதல் மூன்று மாதம் எனக்குச் சாப்பாட்டு மேசையில் உப்பு எடுத்துத் தரச் சொல்லக்கூடத் தெரியாது. கையைக் காட்டுவேன். ஒரு குருணாகல் பிள்ளை எனக்குச் சிங்களம் சொல்லித்தந்தாள், நான் அவளுக்குத் தமிழ்ப் பாட்டு. இன்றைக்கும் பிறந்தநாளுக்கு அவள் தமிழில்தான் குரல் செய்தி அனுப்புவாள். இப்போது அவள் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த சிஸ்டர்.

அந்த 12 மாதமும் கணக்கு. 15 நாளுக்கு மேல் இல்லத்தை விட்டு நின்றால் அந்த நாட்களைப் பிறகு ஈடு செய்ய வேண்டும். எல்லாமாக மூன்று மாதத்தைத் தாண்டினால் நவசந்நியாசமே செல்லாமல் போகும், திருப்பித் தொடங்க வேண்டும். எங்கள் அம்மம்மா செத்தபோது மூன்று நாள் வந்து நின்றுவிட்டுப் போனேன். அதை யாரும் தடுக்கவில்லை. போனுக்கு அந்த வருஷம் அளவு இருந்தது, மாதத்தில் ஒரு ஞாயிறு. கடிதம் எவ்வளவும் எழுதலாம். அம்மா எனக்கு எழுதிய 31 கடிதமும் இன்னும் கிடக்கிறது.

நான் ஏன் வந்தேன்? யாரும் என்னைத் துன்பப்படுத்தவில்லை. பன்னிரண்டாம் மாதம் அக்கா குழந்தையோடு பார்க்க வந்தா. பிள்ளையை மடியில் வாங்கினேன். அவர்கள் போன பிறகு சிற்றாலயத்தில் இருந்தபோது, இது எனக்கு வேண்டும் என்று மனதில் தெளிவாக ஒரு எண்ணம். ஒரு மாதம் அதை அமத்திப் பார்த்தேன். முடியவில்லை. நவகன்னியர் தலைவியிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதைக் கண்டுபிடிக்கத்தான் மகள் இந்த வருஷம்” என்றார். இன்னும் இரண்டு கிழமை செபிக்கச் சொன்னார். பிறகு பஸ் வரை கூட வந்து ஏற்றிவிட்டார்.

விடிய நாலரைக்குத் திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கினேன். அப்பா நின்றார். பையை வாங்கிக்கொண்டு, “தேத்தண்ணி குடிப்பமா?” என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

சனம் கதைத்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். கோயில் வாசலில், “ஏன் பிள்ளை வந்தனீ?” என்று நேரே கேட்டார்கள். என் முதுகுக்குப் பின்னால் வேறு மாதிரியும் கதைத்தார்கள். மூன்று மாதம் பூசைக்குப் போவதே கஷ்டமாக இருந்தது. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் என் கையைப் பிடித்துக்கொண்டு முன் வாங்கிலில் போய் இருந்தா. பின்னால் இருந்தால் திரும்பிப் பார்ப்பார்கள், முன்னால் இருந்தால் நாங்கள்தான் பீடத்தைப் பார்ப்போம் என்பா. நீங்கள் அப்படிச் செய்யக்கூடிய அம்மா போலத்தான் எனக்குத் தெரிகிறது.

---

கோணேசர் கோவிலடி | வியாழன், காலை 7.40

நான் இந்து. ஆனால் ஐந்தாம் வகுப்பு வரை சிஸ்டர்மாரிடம் படித்தவள். சுனாமிக்குப் பிறகு எங்கள் குடும்பம் பத்து நாள் ஒரு மடத்து மண்டபத்தில்தான் படுத்தது. அதனால் இந்த இழையை விடாமல் வாசிக்கிறேன். ஒரு சின்னக் கேள்வி. சிஸ்டரான பிறகு அப்பா அம்மா வைத்த பெயரை மாற்றுவார்களா? எங்களுக்குப் படிப்பித்த சிஸ்டருடைய சொந்தப் பெயர் என்னவென்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது.

---

இளஞ்சிஸ்டர் | வியாழன், இரவு 8.45

எல்லாருக்கும் வணக்கம். நான் தற்காலிக வார்த்தைப்பாட்டில் நாலாவது வருஷத்தில் இருக்கிற சிஸ்டர். சொந்த இடம் திருகோணமலை. இதில் எழுத என் தலைவியிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கோவிலடி அக்கா, முன்பு பெரும்பாலும் புதுப்பெயர் கொடுத்தார்கள். உங்கள் சிஸ்டர் அந்தக் காலத்தவராக இருக்கலாம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, திருமுழுக்கில் கிடைத்த பெயரே கடவுள் எங்களைக் கூப்பிட்ட பெயர் என்ற எண்ணம் வலுத்தது. எங்கள் சபையில் யாரும் மாற்றுவதில்லை. சில சபைகளில் இன்றும் மாற்றுகிறார்கள்.

பாலையூற்று அம்மா, உப்புவெளி அக்கா எழுதியதை வாசித்து நானும் அழுதேன். என்னோடு நவசந்நியாசத்தில் இருந்தவர்களில் இருவர் அப்படி வீட்டுக்குப் போனார்கள். ஒரு படுக்கை வெறுமையாகும்போது எல்லாருக்கும் பயம் வரும்: அடுத்தது நானோ? எங்கள் தலைவி அன்றைக்கு இரவு பாயாசம் வைக்கச் சொன்னார். போகிற பிள்ளைக்கு நன்றி சொல்லித்தான் அனுப்பினோம்.

தற்காலிக காலத்தைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் சபையில் ஒவ்வொரு வருஷமும் வார்த்தைப்பாட்டைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன் நானே கையால் ஒரு கடிதம் எழுதிச் சபையின் மாகாணத் தலைவியிடம் கேட்க வேண்டும். “எனக்கு இன்னும் ஒரு வருஷம் தாருங்கள்” என்று கேட்பது போல. முதல் வருஷம் அந்தக் கடிதத்தை அரை மணித்தியாலத்தில் எழுதினேன். இந்த வருஷம் ஐந்து நாள் எடுத்தது. விருப்பம் குறைந்ததால் இல்லை. என்ன கேட்கிறேன் என்று இப்போதுதான் விளங்குகிறது. காலம் முடிகிற அன்று புதுப்பிக்காமல் விட்டால் நான் சுதந்திரமான ஆள், யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை. காலத்தின் நடுவில் போவதென்றால்தான் அனுமதிக் கடிதம் வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பிறகு போவதென்றால் அது உரோமை வரை போகிற விஷயம். மறைமாவட்ட ஆயரின் கீழுள்ள சபை என்றால் ஆயர் வரை.

இந்தக் காலத்தில் படிக்கவும் வைப்பார்கள். எங்களில் ஒருவர் தாதியர் பயிற்சி, ஒருவர் ஆசிரியர் கலாசாலை. நான் முன்பள்ளி. சம்பளம் எங்கள் கைக்கு வராது, சபையின் பொதுப் பணப்பெட்டிக்குப் போகும். சவர்க்காரம் தீர்ந்தால் கேட்டு வாங்குவேன். ஏழ்மை என்பதை நான் முதலில் பெரிய வார்த்தையாக நினைத்திருந்தேன். சவர்க்காரம் கேட்கப் பழகுவதில்தான் அது தொடங்குகிறது. வீட்டுக்கு வருஷத்தில் இரண்டு கிழமை வருகிறேன். போன் கிழமைக்கு ஒரு தரம். அப்பாவுக்கு ஒப்பரேஷன் என்றபோது ஒரு மாதம் வீட்டில் நிற்க விட்டார்கள்.

இன்னொரு விஷயம், உங்கள் மகள் எந்த வாழ்வைத் தேடுகிறாள் என்று கேட்டுப் பாருங்கள். தமிழில் எல்லாரையும் கன்னியாஸ்திரி என்கிறோம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கிராமம் என்று வெளியில் வேலை செய்கிற சிஸ்டர்மார் வேறு, அடைபட்ட மடத்தில் செபத்துக்காகவே வாழ்கிற துறவியர் வேறு. அவர்களுக்கு 2018இல் உரோமையிலிருந்து தனி ஒழுங்கு வந்தது. அஸ்பிரன்ற் குறைந்தது ஒரு வருஷம், போஸ்டுலன்ற் குறைந்தது ஒரு வருஷம், நவசந்நியாசம் இரண்டு, தற்காலிக வார்த்தைப்பாடு குறைந்தது ஐந்து. ஒன்பதுக்குக் கீழே இறங்கவே முடியாது.

---

தாதி 33 | வெள்ளி, அதிகாலை 3.15

இரவு டியூட்டியில் இருந்து எழுதுகிறேன். எனக்கு 33 வயது, அரச ஆஸ்பத்திரியில் வேலை. பத்து வருஷமாக இந்த எண்ணம் இருக்கிறது, யாரிடமும் சொன்னதில்லை. காலம் கடந்துவிட்டதா? ஸ்கூட்டிக்கு லீசிங் வேறு கட்டுகிறேன்.

---

உபதேசியார் (ஓய்வு) | வெள்ளி, காலை 9.00

மகள், திருச்சபைச் சட்டத்தில் கீழெல்லை மட்டும்தான் இருக்கிறது, மேலெல்லை கிடையாது. சபைகள் தாங்களாக 30, 35 என்று வைத்திருக்கின்றன. அதனால் ஒரு சபை மறுத்தால் அதை முடிவாக எடுக்காதீர்கள், இன்னொன்றைக் கேளுங்கள். வேலை செய்து, வீட்டைத் தாங்கி, இரவு ஆஸ்பத்திரியில் மரணத்தைப் பார்த்த ஒருத்தி சிற்றாலயத்தில் முழந்தாளிடுவதன் பெறுமதி எனக்குத் தெரியும்.

கடனைப் பற்றி 644ஆம் சட்டம் பேசுகிறது. கட்ட முடியாத கடனோடு இருப்பவரை ஏற்கக்கூடாது. ஸ்கூட்டி லீசிங் கட்டி முடிக்கக்கூடியது. முடித்துவிட்டுப் போங்கள். திருமுழுக்கு, உறுதிப்பூசுதல் சான்றிதழ்கள், மணமாகாதவர் என்பதற்கான கடிதம், மருத்துவ அறிக்கை, இவற்றை மெதுவாகச் சேர்க்கத் தொடங்கலாம். இது பாலையூற்று அம்மாவுக்கும் பொருந்தும்.

---

சீனன்குடாத் தம்பி | வெள்ளி, இரவு 10.40

எல்லாரும் நல்லதாக எழுதுகிறீர்கள். உப்புவெளி அக்காவுக்குக் கிடைத்தது எங்கள் அக்காவுக்குக் கிடைக்கவில்லை. அதையும் இந்த அம்மா தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா தற்காலிக வார்த்தைப்பாட்டில் ஐந்து வருஷம். எல்லாமாக ஒன்பது வருஷம் அந்தச் சபையில். சபையின் பெயர் எழுதமாட்டேன். கடைசியில் புதுப்பிக்க வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். காரணம் ‘சமூக வாழ்வுக்குப் பொருத்தமில்லை’. ஒன்பது வருஷம் அது தெரியாமல் இருந்ததா? வீட்டுக்கு வந்தபோது ஒரு பை, இரண்டு சட்டை. 29 வயது. ஏ.எல். சான்றிதழ் தவிர ஒரு தகைமையும் இல்லை, ஏனென்றால் ஒன்பது வருஷமும் அவளைக் குசினியிலும் விடுதியிலும்தான் வைத்திருந்தார்கள். நான் கேட்டதற்கு, செய்த வேலைக்கு எதுவும் கேட்க உரிமையில்லை என்று சட்டத்தைக் காட்டினார்கள்.

எப்போதும் திரும்பி வரலாம் என்று சொல்வது சுகம். வெளியே வந்தவளுக்குக் காலை வைக்க ஒரு படி வேண்டாமா?

---

நெறியாளர் | வெள்ளி, இரவு 11.05

சபையின் பெயரைச் சொல்லாமல் எழுதியதற்கு நன்றி, தம்பி. மற்றவர்களும் ஊகித்து எழுத வேண்டாம்.

---

உபதேசியார் (ஓய்வு) | சனி, காலை 6.20

தம்பி, உங்கள் கோபம் நியாயம். அவர்கள் காட்டியது 702ஆம் சட்டத்தின் முதல் பந்தி. இரண்டாம் பந்தியை வாசித்துக் காட்டினார்களா? பிரிந்து போகிற உறுப்பினரிடம் சபை நீதியையும் நற்செய்திக்குரிய அன்பையும் கடைப்பிடிக்க வேண்டும் என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. வேலை தேடிக் கொடுப்பது, கொஞ்ச மாதத்துக்குக் கைச்செலவு, ஒரு பயிற்சிக்குப் பணம், இவை எல்லாம் அந்த வரிக்குள் வரும். செய்யாமல் விட்டது சட்டத்தின் பேரில் செய்த குறை. அக்காவுக்கு நேர்ந்ததற்காக நான் உண்மையாக வருந்துகிறேன்.

ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். ஒரு பிள்ளையைத் தொடர வேண்டாம் என்று சொல்லும் உரிமை சபைக்கும் இருக்கிறது, 689ஆம் சட்டம். ஆனால் அதைச் சொல்ல ஏற்ற காலம் போஸ்டுலன்ற் காலம், இல்லையென்றால் நவசந்நியாசம். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பிள்ளையை இருத்தி வைத்து உள்ளதைச் சொல்லாத தலைவி, ஒன்பதாம் வருஷம் சொல்வதில் பிழை பெரிது. படிகளை இத்தனை நீளமாக வைத்ததே இரண்டு பக்கமும் நேர்மையாகப் பார்க்க.

---

உப்புவெளிக் காற்று | சனி, காலை 10.10

தம்பி, அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். 14 மாதத்தில் வந்த எனக்கே மூன்று மாதம் தலை நிமிரவில்லை. ஒன்பது வருஷத்தின் பிறகு என்றால் யோசிக்கவே முடியவில்லை. விருப்பமென்றால் அவ என்னோடு கதைக்கலாம், தனிச்செய்தியில் இலக்கம் தருகிறேன்.

பாலையூற்று அம்மா, தம்பி எழுதியதைப் படித்துப் பயப்படாதீர்கள், ஆனால் மறக்கவும் வேண்டாம். போக முதல் கேட்க வேண்டியதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தற்காலிக காலத்தில் என்ன படிக்க வைப்பீர்கள்? திரும்பி வந்தவர்களுக்கு என்ன செய்தீர்கள்? அப்படி வந்த ஒருவரோடு நாங்கள் கதைக்கலாமா? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காத சபையில் விடுங்கள். முகம் சுளித்தால் வேறு சபை பாருங்கள்.

---

இளஞ்சிஸ்டர் | சனி, மாலை 4.30

தம்பி எழுதியதை என் தலைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போய்ச் சிற்றாலயத்தில் இருந்தார். பிறகு வந்து, “அந்தப் பிள்ளைக்காகச் செபிக்கிறோம் என்று மட்டும் எழுதாதே, மன்னிப்புக் கேட்கிறோம் என்றும் எழுது” என்றார். நாங்கள் வேறு சபையாக இருக்கலாம். இருந்தாலும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

---

சீனன்குடாத் தம்பி | சனி, இரவு 9.15

சிஸ்டர், அக்காவிடம் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தா.

---

பாலையூற்று அம்மா | ஞாயிறு, இரவு 9.30

எல்லாத்தையும் இண்டைக்கு இவருக்குச் சத்தமா வாசிச்சன். சாப்பாட்டுக் கோப்பையைக் கையில வைச்சுக்கொண்டே கேட்டார். உப்புவெளிப் பிள்ளையின்ர அப்பா பஸ் நிலையத்தில நிண்ட இடத்தைத் திருப்பி வாசிக்கச் சொன்னார். தம்பியின்ர அக்காவின்ர கதைக்குக் கோப்பையைக் கீழ வைச்சிட்டார்.

பிறகு ஒண்டு கேட்டார், அதைத்தான் இவ்வளவு நாளும் மனசுக்குள்ள வைச்சிருந்திருக்கிறார் எண்டு எனக்கு விளங்கிச்சு. “அந்த வீட்டை மடத்துக்குச் சீதனமாக் கேப்பினமோ?” எண்டார். எங்கட பக்கத்தில பொம்பிளைப் பிள்ளைக்குத்தானே வீடு. அவள் பிறந்த வருஷமே அந்தத் துண்டுக் காணியை வாங்கினவர். அவளுக்கு வேண்டாமெண்டா ஆருக்குக் கட்டுறது எண்டுதான் நிப்பாட்டினவராம். இதுக்கு ஆராவது பதில் சொல்லுங்கோ.

---

உபதேசியார் (ஓய்வு) | திங்கள், காலை 7.10

அம்மா, ஐயாவிடம் சொல்லுங்கள்: கேட்கமாட்டார்கள். பழைய 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அடைபட்ட மடங்களில் சேர்கிற பெண் சீதனம் கொண்டுவர வேண்டும் என்று இருந்தது. அதிலும் அவள் மடத்தை விட்டுப் போனால் சீதனத்தை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அந்தக் கட்டாயமே இல்லை.

பிள்ளையின் சொத்து பற்றி 668ஆம் சட்டம் இருக்கிறது. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் தன் பெயரில் உள்ளதைப் பராமரிக்கும் பொறுப்பை அவள் யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். யாரிடம் என்பது அவள் விருப்பம், அப்பாவிடமே ஒப்படைக்கலாம். உரிமை அவளுடையதாகவே இருக்கும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் மரண சாதனம் (உயில்) எழுத வேண்டும், அதுவும் நாட்டுச் சட்டப்படி செல்லத்தக்கதாக. எல்லாவற்றையும் முழுதாகத் துறக்கச் சொல்கிற சபைகளும் உண்டு, அங்கேயும் அது நித்திய வார்த்தைப்பாட்டை ஒட்டித்தான். ஆகவே இப்போது உறுதி எழுத அவசரமில்லை. நொத்தாரிசிடம் ஓட வேண்டாம். காணி ஐயாவின் பெயரிலேயே கிடக்கட்டும்.

---

உப்புவெளிக் காற்று | திங்கள், இரவு 8.50

ஐயாவுக்கு ஒன்று சொல்லுங்கள் அம்மா. நான் நவசந்நியாசத்தில் இருந்த 14 மாதமும் எங்கள் அப்பா எனக்கென்று தொடங்கின வீட்டை நிறுத்தவில்லை. நான் வந்த அன்று கூரை போட்டு முடிந்திருந்தது. அறைக்குக் கதவு இல்லை, அம்மாவின் பழைய சீலைதான் தொங்கியது. இதை அந்த வீட்டு விறாந்தையிலிருந்துதான் எழுதுகிறேன்.

---

பாலையூற்று அம்மா | 3 கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 9.00

‘வந்து பாருங்கள்’ எண்டு மகள் ஐந்து நாள் போயிட்டு வந்தாள். பஸ் ஏத்த இவர்தான் போனவர். பொறுப்பான சிஸ்டரிட்ட உப்புவெளிப் பிள்ளை சொன்ன மூண்டு கேள்வியையும் கேட்டன். முகம் சுளிக்கேல்ல. திரும்பி வந்த ஒரு பிள்ளையின்ர இலக்கத்தை, அந்தப் பிள்ளையைக் கேட்டுப்போட்டுத் தந்தா. ஏ.எல். இரண்டாம் தரம் எழுதி, றிசல்ற் பாத்துப்போட்டு வரச் சொல்லியிருக்கினம். மகள் ரியூசனுக்குப் போகத் தொடங்கியிட்டாள்.

நேற்று இவர் லொறியில 20 பை சீமெந்து கொண்டுவந்து பின்வளவில இறக்கினார். மகளும் போய் ஒரு பக்கம் பிடிச்சவள். என்ன கதைச்சினம் எண்டு தெரியாது, நான் குசினிக்குள்ள நிண்டுட்டன்.

---

தாதி 33 | திங்கள், அதிகாலை 4.05

உபதேசியார் ஐயா, லீசிங் ஜூலையோடு முடிகிறது. ஆகஸ்ட் 15 மடுப் பெருநாளுக்கு லீவு போட்டிருக்கிறேன். இளஞ்சிஸ்டர், உங்கள் சபையில் வயதெல்லை எவ்வளவு என்று தனிச்செய்தியில் சொல்ல முடியுமா?